அவராகவே கழற்றினார்

அத்தியாயம் பதினேழு

பிரஸ் மிஷின் தேசப்பனின் வலது கையிலிருந்து மூன்று விரல்களை வாங்கிக்கொண்டு அந்த வியாழக்கிழமையோடு இருபத்திரண்டு நாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. தேசப்பன் அங்கே பதினோரு வருஷமாக ஆபரேட்டர். அவருடைய ஒரே மகள் ஸ்நேகாவைக் கட்டிய அன்பு, அதே கம்பெனியில் அதே லைனில் சூப்பர்வைசர் டிரெய்னி. மாமனாரின் கை மிஷினுக்குள் போன நேரத்தில் ஷிஃப்ட் அவன் பொறுப்பில்தான் இருந்தது. அவன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சட்டையெல்லாம் ரத்தமாக அவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கோலத்தை ஞானம்மா இன்னும் தெருவில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். இப்படி ஒரு மருமகன் யாருக்கு வாய்ப்பான் என்பது அவள் கேள்வி.

அன்பு டிரெய்னி ஆனதற்குக் காரணம் ஸ்நேகா. அது அவனே நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஐ.டி.ஐ. முடித்த அன்புவுக்கு மிஷின் தெரியும், வேலை தெரியும். வெளிநாட்டு மேனேஜர் எதிரில் வந்து நின்றால் இங்கிலீஷ் பேச நாக்கு மட்டும் எழாது. பஜாரில் சிடி கடை வைத்திருக்கும் பழவேற்காட்டுப் பெண் பர்ஹானாதான் ஒருநாள் ஸ்நேகாவிடம் அந்த வழியைக் காட்டினாள். "இந்த பட்டன அமுக்குக்கா. அவங்க பேசப் பேச கீழ எழுத்து ஓடும். கேட்டா புரியாதது படிச்சா புரியும்."

இரண்டு வருஷமாக ஸ்நேகா அதை விடவில்லை. முதல் தடவை இங்கிலீஷ் படத்தை எழுத்தோடு பார்ப்பாள். தெரியாத வார்த்தை வந்தால் ரிமோட்டில் நிறுத்தி நோட்டில் எழுதுவாள். வார்த்தையை மட்டும் எழுதினால் மறந்துபோகும் என்று முழு வரியையும் எழுதுவாள். அதை யார், யாரைப் பற்றி, எதற்காகச் சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். இரண்டாவது தடவை, திரையின் அடியில் ஓர் அட்டைப் பட்டையைச் சாய்த்து எழுத்தை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பாள். அன்பு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அன்றைய பத்து வார்த்தைகளை அவன் வாயில் ஏற்றிவிடுவாள். நான்கு நோட்டு முடிந்து ஐந்தாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ளஸ் டூவோடு நின்றுபோன பெண்ணுக்கு அது ஒரு காலேஜ் மாதிரி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைகூட அவன் ஒரு சந்தேகம் கேட்டான். யாரும் சொல்லாமல் தானாகவே ஒருத்தன் ஒரு காரியம் செய்தான் என்பதை இங்கிலீஷில் அழகாக எப்படிச் சொல்வது என்று. டிரெய்னிங்கில் கேட்டார்களாம். ஸ்நேகா மூன்றாவது நோட்டைப் புரட்டி, ஒரு கோர்ட் சீனில் வக்கீல் சொன்ன வரியை எடுத்துக் கொடுத்தாள். "ஆஃப் ஹிஸ் ஓன் அக்கார்ட்." அவன் ஆஃபுக்குப் பதிலாக ஆன் என்று எழுதினான். அவள் அடித்துத் திருத்தினாள்.

*

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி. முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அன்பு, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"இன்னிக்கு ஆர்டர் கைக்கு வந்துரும். பர்மனென்ட்."

ஸ்நேகா டீ டம்ளரோடு அப்படியே நின்றாள். "நெஜமாவா? எப்ப சொன்னாங்க?"

"நேத்தே சொன்னாங்க."

"நேத்து சொன்னத இன்னிக்கு சொல்றீங்க!"

"கைக்கு வரட்டும்னு இருந்தேன்." அவன் நிமிரவில்லை. இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த வேலை நிரந்தரமாகும் நாளில் ஒரு மனுஷன் முகம் இப்படியா இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் நைனா ஊட்டுக்குப் போறேன். இன்னிக்கு கட்டு மாத்தணும்."

லேஸில் இருந்த கை நின்றது. "நீ எதுக்கு அலையற? நான் வந்து மாமாவ கூட்டிக்கினு போறேன்."

"நீங்க வரவே மூணு ஆயிடும். டாக்டரு பன்னெண்டு மணிக்கே கெளம்பிடுவாரு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டான்.

*

கவரைப்பேட்டை கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன். ஒன்பதரை மணிக்கு ஸ்நேகா அம்மா வீட்டு வாசலில் நின்றபோது, ஞானம்மா தேசப்பனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிட அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. மகளைப் பார்த்ததும் போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பர்மனென்ட் ஆவுதாம்மா அவுருக்கு. இன்னிக்கு ஆர்டர் குடுக்குறாங்க" என்றாள் ஸ்நேகா.

"ஸ்தோத்திரம்!" ஞானம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நான் சொல்லல? ரத்தத்தோட தூக்கிக்கினு ஓடின புள்ள. கர்த்தரு பாத்துக்கினு தானே இருக்காரு?"

தேசப்பன் எழுந்து சட்டையை எடுத்துவரப் போனார்.

ஞானம்மா எக்ஸ்ரே கவரை மகள் கையில் கொடுத்தாள். "எல்லாம் இதுலதான் இருக்கு. ஆஸ்பத்திரி சீட்டு, மாத்திர சீட்டு, கம்பெனிலேருந்து குடுத்த பேப்பரு. நைனா அத எடுத்துப் பாக்கவும் உட மாட்டேங்குறாரு. இன்னான்னு நீ படிச்சி சொல்லு."

பஜாரில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். தேசப்பன் சுவரோர பெஞ்சில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டோக்கனுக்குச் சீட்டு வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். ஸ்நேகா கவருக்குள் கையை விட்டாள்.

முதலில் வந்தது கம்பெனியின் பெயர் போட்ட ஒரு ஜெராக்ஸ். இரண்டே பத்தி. அடியில் தேசப்பனின் பெயர் டைப் அடித்திருந்தது. அதற்கு மேலே ஒரு பெருவிரல் ரேகை.

அவளை முதலில் உறுத்தியது அந்த ரேகைதான். அவள் அப்பாவுக்கு எழுதத் தெரியும். தமிழில் சுழித்து, அடியில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போடுவார். இது இடது கைப் பெருவிரல்.

நின்றபடியே படித்தாள். கஷ்டமாக இல்லை. கார்டு என்றால் மிஷினின் வாயை மறைக்கும் தடுப்பு. ரிமூவ்டு என்றால் கழற்றினார். நெக்லிஜென்ஸ் என்றால் அஜாக்கிரதை, அது இரண்டாவது நோட்டில் இருக்கிறது. விபத்து நடந்த அன்று ஆபரேட்டர் தடுப்பைக் கழற்றினார். நடந்ததற்கு அவருடைய அஜாக்கிரதையே காரணம். சூப்பர்வைசருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

யார் சொல்லிக் கழற்றினார்?

ஆஃப் ஹிஸ் ஓன் அக்கார்ட்.

நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் ஸ்நேகாவுக்குக் கேட்கவில்லை. அந்த நாலு வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன் என்று எழுதவில்லை. ஆஃப் என்றே, தப்பில்லாமல் இருந்தது.

*

அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பேப்பரை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"நைனா, இதுல இன்னா எழுதிக்கிதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீயா கார்டக் கழட்டுனன்னு எழுதிக்கிது. யாரும் சொல்லாம, உன் இஷ்டத்துக்கு."

"தெரியும்மா. மாப்ள தமிழ்ல படிச்சி காட்டிச்சி. படிக்கும்போதே அழுதுச்சி."

"நீயா கழட்டுன?"

தேசப்பன் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போலியோ சொட்டு மருந்து நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குழந்தை விடாமல் இருமியது. அது அடங்கியபிறகு சொன்னார்.

"பதினோரு வருஷத்துல நான் ஒருநாள்கூட அந்த கார்டு மேல கைய வெச்சது கெடையாது."

"அப்ப யாரு கழட்ட சொன்னது?"

"உடு கண்ணு."

"நைனா, யாரு சொன்னது?"

"அன்னிக்கு லோடு அவசரம். கார்டு இருந்தா பீஸு மெதுவாத்தான் வரும். மேலேருந்து நெருக்குனாங்க, மாப்ள என்னாண்ட வந்து, மாமா ரெண்டு மணி நேரம் கழட்டி வெச்சி ஓட்டு மாமா, நான் பாத்துக்குறேன்னு சொல்லிச்சி. நான் சரின்னேன். வேற ஆளு சொல்லிருந்தா முடியாதுன்னு சொல்லிருப்பேன்."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அவன்கூட குடும்பம் நடத்துவியா?"

அவர் தொடர்ந்து பேசினார். இத்தனை நாள் பேசாததற்கும் சேர்த்து, மெதுவான குரலில், நோட்டீஸைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு வேல இன்னும் மூணு வருஷமோ நாலு வருஷமோதான். அவனுக்கு முப்பது வருஷம் இருக்கு. அவன் பேரு வெளிய வந்தா வேல போவும், கேஸு வரும். நீ எங்க போவ? எங்க ஊட்டுக்குத்தான் வருவ. வந்து இன்னா பண்ணுவ?"

"அதுக்காக நீ..."

"வெரலு போனது போனதுதான். நான் இல்லன்னு சொன்னா திரும்ப மொளைக்கவா போவுது? பொண்ணு குடும்பத்த காப்பாத்திட்டோம்னு ஒரு நெனப்பு இருக்கு எனக்கு. அத வெச்சிக்கினுதான் தூங்குறேன். அதையும் நீ புடுங்கிக்காதம்மா."

உள்ளே கூப்பிட்டார்கள். கட்டைப் பிரித்தபோது ஸ்நேகா முதல் தடவையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தாள். தையல் நன்றாக ஆறிவருவதாக டாக்டர் சொன்னார். தேசப்பன் அவருக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஞானம்மா கேட்டாள். "இன்னா எழுதிக்கிது அதுல?"

தேசப்பன் மகளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லமா. லீவு பேப்பரு" என்றாள் ஸ்நேகா.

ஞானம்மா மருமகனுக்கென்று இறால் தொக்கு செய்து ஒரு டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். அதையும் வாங்கிக்கொண்டு ஸ்நேகா ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஜெராக்ஸ் அவள் பைக்குள் இருந்தது. ரயிலுக்காக நின்றிருந்த அரை மணி நேரமும் அவள் மனசு ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றி வந்தது. அன்று அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தபோது அவன் அவள் தலையைத் தட்டி, "உன்ன மாதிரி டீச்சரு கெடைக்க மாட்டா" என்றான். அவளும் சிரித்தாள்.

*

மூன்றேகாலுக்கு அன்பு வந்தான். ஒரு கையில் ஆர்டர் கவர். இன்னொரு கையில் ஸ்வீட் டப்பா. ஸ்நேகா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்த ஜெராக்ஸ் விரித்தபடி கிடந்தது.

அவன் ஸ்வீட் டப்பாவையும் கவரையும் ஜன்னல் திட்டில் வைத்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"மாமா குடுத்தாரா?"

"அம்மா குடுத்துச்சி. அதுக்கு இன்னா தெரியும், பாவம்." ஸ்நேகா பேப்பரை அவன் பக்கம் தள்ளினாள். "யாரு எழுதுனது இத?"

"எச்.ஆர்.லதான்."

"இந்த வரி எச்.ஆர்.ல எழுதல."

அவள் அந்த நாலு வார்த்தைகளின் மேல் விரலை வைத்தாள்.

"டிரெய்னிங்ல கேட்டாங்கன்னு சொன்ன. என் நோட்ட எடுத்து, என் கையால திருத்தி வாங்கிக்கினு போயி, எங்க நைனா தலையில எழுதிட்ட."

"என்னைய எழுதிக் குடுக்கச் சொன்னாங்க ஸ்நேகா. ஷிஃப்ட் சூப்பர்வைசர் ரிப்போர்ட்டு. சரியா எழுதலன்னா என் பேருதான் வரும். எச்.ஆர். அத அப்பிடியே மாமா பேருல அடிச்சி குடுத்துட்டாங்க."

"சரியா எழுதிட்டியே. ஒரு தப்பு இல்ல."

"மாமாவுக்கு ஒரு எழுத்து உடாம படிச்சிக் காட்டிட்டுத்தான் ரேக வாங்குனேன். ஏமாத்தல."

"என்ன ஏமாத்துன."

அவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பயந்தவனின் கோபம், குரல் உடைந்து வந்தது.

"நான் உன்னாண்ட வந்து கேட்டேனா இல்லியா? மறைச்சிக் கேட்டேனா? மாமாவுக்கு அடிபட்டு மூணு வாரம்கூட ஆவல. தானாவே செஞ்சான்னு எப்பிடி சொல்றதுன்னு ஒருத்தன் வந்து கேக்குறான். யாரப் பத்தின்னு நீ கேட்டியா? எந்த படமா இருந்தாலும் யாரு, யாரப் பத்தி சொன்னாங்கன்னு எழுதி வெக்கிறவதான நீ? அன்னிக்கு ஏன் கேக்கல?"

ஸ்நேகாவுக்கு அறை வாங்கியது போலிருந்தது. ஏன் கேட்கவில்லை? நோட்டைப் புரட்டிய சந்தோஷத்தில் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்கிற பெருமையில் கேட்கவில்லை. வேறு காரணம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அன்பு அவள் எதிரில் மண்டியிட்டான். "ரெண்டு மணி நேரம்தான் கழட்ட சொன்னேன். எல்லா லைன்லயும் அதான் நடக்குது. நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து சேஃப்டி ஆடிட்டரு வருது. வெளிநாட்டு அம்மா. மாமாவப் பாத்து நாலு கேள்வி கேக்கும். நான்தான் தமிழ்ல கேட்டு இங்கிலீஷ்ல சொல்லப்போறேன். அது முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிரும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு மட்டும் உனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"உங்க நைனாவே ஒத்துக்கினாரு."

"ஒத்துக்கினாரு" என்றாள் ஸ்நேகா. "நீ சொன்னா மிஷினுக்குள்ள கைய உடவே ஒத்துக்கினவரு."

அன்பு எழுந்தான். இறால் தொக்கு டப்பா, ஆர்டர் கவர், எதையும் தொடாமல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, செல்போனை டிவி மேல் வைத்துவிட்டு, பின்பக்கக் குழாயடிக்குப் போனான். தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் செல் அடித்தது.

தெரியாத நம்பர். ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஸ்நேகா எடுத்தாள்.

ஒரு பெண் குரல். இங்கிலீஷில், அவசரமில்லாமல் பேசியது. சேஃப்டி ஆடிட்டர் பேசுகிறேன்; கம்பெனியில் தேசப்பனின் ஃபைலில் வீட்டு நம்பர் என்று இதுதான் இருக்கிறது; நாளைக் காலை பத்து மணிக்கு அவரைப் பார்க்க அவர் வீட்டுக்கே வருகிறேன்; கம்பெனி ஆட்கள் யாரும் உடன் இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஸ்நேகாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியவில்லையே என்று ஆசைப்படும் அளவுக்குப் புரிந்தது.

குரல் கேட்டது. அவர் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

குழாயடிச் சத்தம் நின்றிருந்தது. பின்வாசலில் அன்பு நின்றான். ஈரம் சொட்டச் சொட்ட, இரண்டு கைகளையும் ஆட்டி, இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று ஜாடை காட்டினான்.

ஸ்நேகா அவனைப் பார்த்தாள். விரலைப் பறிகொடுத்த மனுஷன், அதையும் பிடுங்கிக்கொள்ளாதே என்று கேட்டதும் காதில் இருந்தது.

"யெஸ்" என்றாள். "ஐ ஆம் ஹிஸ் டாட்டர்."

பிறகு இரண்டு மூன்று வாக்கியங்கள் பேசினாள். நிறுத்தாமல், தடுமாறாமல் வந்தன. வழி சொன்னாள், கவரைப்பேட்டை ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொன்னாள். நன்றி என்று அந்தக் குரல் சொன்னதும் போனை வைத்தாள்.

அன்பு சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷம் அவளிடமே படித்தவன்தான். ஆனாலும் அவள் அவ்வளவு வேகமாகப் பேசி அவன் கேட்டதில்லை. பாதிதான் பிடிபட்டிருந்தது.

"இன்னா சொன்ன அந்தம்மாகிட்ட?"

"நாளைக்கு நான்தான் நைனாவுக்காகப் பேசுவேன்னு சொன்னேன்."

"பேசி? அவரு இன்னா சொல்லுவாருன்னு உனக்குத் தெரியும். நானேதான் கழட்டுனேன்னு தமிழ்ல சொல்லுவாரு. நீ அத இங்கிலீஷ்ல இன்னான்னு சொல்லுவ?"

ஸ்நேகா ஜெராக்ஸை மடித்து ஐந்தாவது நோட்டுக்குள் வைத்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.